‘சா’ என்று சொன்ன வங்காளி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்து மூன்று மைல். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். எங்கள் வண்டிக்கு மட்டும் ஒரு பகல் முழுவதும் வேண்டும். வழியில் தென்படும் ஊர்களிலெல்லாம் நின்று, அடுப்பு மூட்டி, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தொழில்.

1958-ஆம் வருஷம், மாசி மாதம். தேயிலைக் கம்பெனி ஒன்றின் பிரசார வண்டியில் நான் விளக்கம் சொல்லுகிறவனாக இருந்தேன். சொந்த ஊர் லால்குடிப் பக்கம். வேலைக்காக விழுப்புரத்தில் குடியேறியிருந்தேன். எங்கள் ஊரில் காப்பி குடிக்காதவர் அபூர்வம். டீ என்றால் இருமலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். அப்படிப்பட்டவன் தென்னார்க்காட்டு ஜனங்களுக்கு டீயின் பெருமையைச் சொல்லி வயிறு வளர்த்தேன்.

அந்த வாரம் எங்களோடு கல்கத்தாத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கோஷால் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். யார் எதிரே வந்தாலும் முதலில் கைகூப்புவார்.

காலை ஏழு மணிக்கு விழுப்புரம் ஜங்ஷன் எதிரிலிருந்து புறப்பட்டோம். டிரைவர் முனுசாமி கெடார் ஊர்க்காரர். வெயில் ஏறுவதற்குள் விக்கிரவாண்டியைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. "ஜல்தியா கெளம்பினா பேஜாரு இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த நெல் தாள்கள். கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மட்டும் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைச் செடி பச்சையாக நின்றது.

முண்டியம்பாக்கம் வரும் வரையில் கோஷால் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். அது அவருக்குப் பிடித்தமான விஷயம். சீனத்தில் இந்த இலைக்குப் பெயர் ‘சா’. தரை வழியாக ஒட்டகத்தின்மேல் போன இலை அந்தப் பெயரையே கொண்டு போயிற்று. பாரசீகத்தில் அது ‘சாய்’ ஆயிற்று, ஹிந்துஸ்தானியிலும் ‘சாய்’. வங்காளத்தில் சுத்தமாக ‘சா’. போர்த்துக்கீசியர் வேறொரு சீனத் துறைமுகத்தில் வாங்கினார்கள், அவர்களுக்கும் ‘சா’. ஆனால் அதே சீனக் கடற்கரையில் இன்னொரு பகுதியில் ஜனங்கள் அதை ‘தே’ என்றார்கள். டச்சுக் கப்பல்கள் அங்கே சரக்கு ஏற்றின. ஆகவே ஆங்கிலேயனுக்கு ‘டீ’, பிரெஞ்சுக்காரனுக்கு ‘தே’. "உங்கள் தேயிலையும் அந்தக் கப்பலில் வந்ததுதான்" என்றார். உலகத்தில் பாதிப்பேர் ஒன்றைச் சொல்லுகிறார்கள், மீதிப்பேர் மற்றதைச் சொல்லுகிறார்கள். மூன்றாவது பெயர் கிட்டத்தட்ட இல்லை என்று அவர் விரலை ஆட்டிச் சொன்னது நினைவிருக்கிறது.

மலையாளத்தில் ‘சாயா’ என்பார்கள் என்று நான் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு, அவர் வந்த முதல் நாளே சொல்லியிருந்ததை மறுபடியும் சொன்னேன்: எங்கள் மொழியில் ‘சா’ என்றால் இறந்துபோ என்று பொருள். இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த வார்த்தை வேண்டாம், ‘டீ’ என்றே சொல்லுங்கள். அவர் சிரித்து, தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். விழுப்புரத்துத் தெருக்களில் மூன்று நாளும் அவர் ‘டீ’ என்றுதான் சொன்னார். ஒரு தடவைகூட நாக்குத் தவறவில்லை.

முண்டியம்பாக்கத்தில் முதல் அடுப்பு. விக்கிரவாண்டிச் சந்தையில் ஒன்பதரை மணிக்கு அடுத்தது. கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. ஓரணாப் பொட்டலத்துக்கு இப்போது ஆறு நயா பைசா என்று சொன்னபோது மட்டும் சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பழைய காசு, புதிய காசுக் குழப்பம் அப்போது எங்கும் இருந்தது. பதினோரு மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையை விட்டுப் பேரணி ரயில் நிலையத்தின் பக்கமாகத் திரும்பினோம். அங்கிருந்து மண் பாதையில் இரண்டு மைல் உள்ளே ஒரு சிற்றூர். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் படித்தால் தெரியும்.

பகல் பன்னிரண்டரை இருக்கும். ஊர் நடுவில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பாய்லரை மூட்டினோம். கேப்பைக் களியும் கூழும் சாப்பிடுகிற ஜனங்கள். டீ என்பது விழுப்புரம் போனால் குடிக்கிற சமாசாரம். நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தோம். ஊதி ஊதிக் குடித்தார்கள். நான் வழக்கமான பேச்சைத் தொடங்கினேன்.

எதிர்ச் சாரியில் நாலாவது வீடு ஓட்டு வீடு. வாசற்படியில் ஒரு பெண் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான். தலை பல நாளாக வாராமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது. இத்தனை கூட்டம் கூடியும் அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கோஷால் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாமே ஒரு தம்ளரை நிரப்பி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து போனார். எங்கள் தொழிலில் இது சாதாரணம். வராதவர்களுக்கு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்போம். நான் பேச்சை நிறுத்தவில்லை.

அவர் குனிந்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவர் மறுபடியும் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

பாய்லரிலிருந்து அப்போதுதான் இறக்கிய டீ. வயலில் வேலை செய்து காய்ப்பு ஏறிய கைகளே அந்தத் தம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டிருந்தன. வாய் வெந்திருக்கும் என்று பயந்து, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் தண்ணீரைத் தொடவில்லை. உதடு சிவந்து நடுங்கிற்று. முகத்தில் வலி தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இது குட்ச்சா எம்மா நேரத்துல உயிரு போவும்?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். என்னம்மா என்றேன். பஸ் எப்போது வரும் என்று கேட்பது போன்ற குரலில் அவள் விளக்கினாள்.

"இவரு சொல்லிட்டுத்தான் குட்த்தாரு. சாகன்னு சொன்னாரு."

நான் கோஷாலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வங்காள மொழியில் டீ குடி என்பதற்கு ‘சா காவ்’ என்று சொல்லுவார்கள். ‘சா, சா காவ்’ என்று அவர் சொன்னது, ‘சா, சாக’ என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. இது எனக்குப் புரிவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டாள். அடுத்த நொடியில் தெரு முழுவதும் விஷம் என்ற பேச்சாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைக் குப்புறச் சாய்த்து வாயில் விரலை விட்டார்கள். ஒரு கிழவர் சாணியைக் கரைத்துக்கொண்டு வரச் சொன்னார். தம்ளர்கள் உடைந்தன. நாலைந்து பேர் கோஷாலின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார்கள். கண்ணாடி கீழே விழுந்து அவர் வெறும் கண்ணோடு, கைகூப்பியபடியே நின்றார். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இவர்கள் அடித்துக் கொன்றாலும் ஆச்சரியமில்லை என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

முனுசாமிதான் புத்தியாக ஒரு காரியம் செய்தார். பாய்லரின் குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்து எல்லாரும் பார்க்கக் குடித்தார். இன்னொன்று பிடித்துக் குடித்தார். மூன்றாவதை என் கையில் கொடுத்தார். நாக்கு வெந்துபோக நானும் குடித்தேன். சாணி கரைக்கச் சொன்ன கிழவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வெஷமா இருந்தா இவனுங்க ஏன்டா குடிக்கிறானுங்க? உடுங்கடா அந்த ஆள" என்றார்.

பிடி தளர்ந்தது. அப்போதுதான் என்னால் பேச முடிந்தது. இவர் ஊரில் டீக்குப் பெயரே அதுதான். குடிக்கச் சொன்னார், சாகச் சொல்லவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். பயம் தெளிந்த கூட்டத்துக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒருவர் "சா குட்ச்சியா, சா குட்ச்சியா" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்க, தெருவே சிரித்தது. வாந்தியெடுத்த பிள்ளைகள்கூடச் சிரித்தன. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிக்காதவர் ஒருவர். சேற்றுக் காலோடு வயலிலிருந்து ஓடி வந்திருந்தார். அந்தப் பெண்ணின் கணவர், பெயர் ஏழுமலை. அவர் படியின் கீழே அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"அலமேலு, வெஷம்னு நெனச்சுக்கினா குட்ச்ச?"

"ஆமா."

சிரிப்பு எப்படி நின்றது என்று தெரியவில்லை. குந்தியிருந்த ஏழுமலை அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

விவரம் பிறகு தெரிந்தது. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. ஐந்து வயது. தை மாதக் கடைசியில் காய்ச்சல் கண்டு, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோகும்போது மயிலம் பக்கத்தில் தாயின் மடியிலேயே இறந்துவிட்டது. அலமேலு முதலில் ஓயாமல் அழுதாள். அழாதே, சாப்பிடு, தூங்கு என்று ஊரே தேற்றியது. ஒரு நாள் அழுகையை நிறுத்தினாள். "அழுவறத உட்டுட்டா, தேறிக்கினா போலன்னு இருந்துட்டோம்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏழுமலை என்னிடம் வந்தார். அலமேலுவின் அக்கா திண்டிவனத்தில் கிடங்கலில் இருக்கிறாள், அங்கே கொண்டுபோய் விட்டால் நல்லது என்றார். வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது என்பதையும் சொன்னார். வெளியார் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கோஷால் போய்ப் பின்கதவைத் திறந்து, தேயிலைப் பெட்டிகளை நகர்த்தி, தம்முடைய ஜமக்காளத்தை விரித்தார். அவர் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அலமேலு மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. கணவர் கையைப் பிடித்து ஏற்றி, தாமும் ஏறிக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டில் மயிலத்துக் குன்று வலது பக்கம் தெரிந்தபோது பின்னாலிருந்து ஒரு சின்ன சத்தம் கேட்டது. முனுசாமி வேகத்தைக் குறைத்தார். குழந்தை போன அந்த இடத்தை மெதுவாகத் தாண்டுவதா, சட்டென்று தாண்டுவதா, எது சரி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கோஷால் தாழ்ந்த குரலில் பேசினார். கடைத்தெருவில் நிற்கும்போது தமக்கு ‘டீ’ என்ற சொல் சுலபமாக வருகிறது என்றார். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும், தாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது மறந்துவிட்டது. அவர்கள் வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்தால் அவருடைய தாயார் ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு கோப்பையைக் கையில் வைத்து ‘சா காவ்’ என்று மட்டும் சொல்லுவார். அதுதான் வாயில் வந்தது.

"நான் நினைத்து நடுங்குவது அதையல்ல" என்றார் அவர். "நான் கொடுத்ததால் அவள் டீயைக் குடித்தாள். வேறு எவன் எதைக் கொடுத்திருந்தாலும் இதே மாதிரி வாங்கிக் குடித்திருப்பாள்."

எனக்கு அதுவரை தோன்றாதது அது. கொஞ்ச தூரம் போன பின், தம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்றார். ‘கேள், உனக்கு வேண்டியதைக் கேள்’ என்று நெருங்கியவர்களிடம் சொல்வதற்கும் ‘சா’ என்பதுதான் சொல். அது சீனத்திலிருந்து வந்ததல்ல, வங்காளத்தின் சொந்தச் சொல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, காதுக்கு மட்டும் ஒன்று. காலையில் அவ்வளவு உற்சாகமாகப் பேசியவர் இதை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

ஐந்தரை மணிக்குத் திண்டிவனம். கிடங்கல் ஏரிக்கரை ஓரமாகப் போய் அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். அக்கா தனம் தங்கையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே அழைத்துப் போய்விட்டாள். எங்களுக்கு உட்காரக்கூட மனமில்லை. கடைத்தெரு லாட்ஜில் ஒரு ரூபாய் எட்டணா வாடகைக்கு அறை எடுத்தோம். கோஷால் சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் ரயிலில் சென்னைக்குப் போகிறேன் என்றார். போகும் முன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: அந்த வீட்டுக்கு நான் போய், தாம் அந்தப் பெண்ணுக்குச் சாவை விரும்பவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் போனேன். அலமேலு கூடத்தில் பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள். கீழ் உதட்டில் வெந்த புண்ணுக்கு வெண்ணெய் தடவியிருந்தது. இரவு முழுவதும் அவளும் அக்காவும் தூங்கவில்லை என்று ஏழுமலை சொன்னார். வெகு நேரம் அழுதாளாம். அதை அவர் ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார்.

வந்த காரியத்தை நான் எடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு ஊர்ல அது டீதானாங்களா? வேற ஒண்ணும் இல்லியா?"

டீதான் என்றேன். பிறகு, இன்னொரு அர்த்தமும் இருப்பதாக வழியில் சொன்னார், வேண்டியதைக் கேள் என்றும் அர்த்தமாம் என்றேன். அவர் கெடுதல் நினைக்கவில்லை, அதை உன்னிடம் சொல்லச் சொன்னார் என்றும் சொன்னேன்.

தனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தல அரிக்குது. சீப்பு எடுத்தாந்து சிக்கு எடுத்துடு" என்றாள் அலமேலு.

தனம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஏழுமலை தெருவுக்கு இறங்கி என்னோடு பஸ் நிலையம் வரை நடந்தார். பஸ் புறப்படும்போது என் ஜன்னலருகே வந்து, அந்த ஐயாவுக்குக் கண்ணாடி உடைந்துபோயிற்றே, வருத்தப்பட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வண்டியை முனுசாமி பழுது பார்க்க விட்டிருந்ததால் நான் பஸ்ஸில் திரும்பினேன். கட்டணம் எண்பது நயா பைசா. வந்த வழியேதான் போனேன். வீடுகளும் வாசல்களும் வேகமாக ஓடின. ஒவ்வொரு வாசலிலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நாளொன்றுக்கு நாலு ஊர், ஊருக்கு ஐம்பது பேர் என்று முகம் பார்த்துப் பேசுகிறவன் நான். அவர்களில் யார் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு விழுப்புரம் வரும் வரையில் விடவில்லை.

அலமேலு பிழைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்துத் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் ஏழுமலையைப் பார்த்தேன். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து அவள் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி குழந்தை பிறக்கவில்லை. சில நாட்களில் இன்னும் கிணற்றுப் பக்கம் தனியாக விடுவதில்லை என்று அவர் சொன்னார்.

திண்டிவனத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு நான் வீடு சேர்ந்தது பகல் பதினொன்றரைக்கு. என் மனைவி லூர்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம், விழுப்புரம் வந்து நாலு வருஷம். கால் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேணும் என்று கேட்டேன். அவள் முறத்தை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், ஒன்றும் வேண்டாம், சாப்பிட வாருங்கள் என்று எழுந்து போனாள்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடல் பாக்கணுங்க. ஒரு தடவை."

பாண்டிச்சேரி எங்கள் வீட்டிலிருந்து இருபத்து நாலு மைல். மாதத்தில் இரண்டு தடவை அந்தக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, காற்று வாங்கிக்கொண்டு கணக்கு எழுதுகிறவன் நான். இவள் பிறந்ததிலிருந்து கடலையே பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியாது.